கேனானா, நிகானா, சோனியா? பெங்களூர்க் கரகத் திருவிழாவுக்கு முன் சில கேமரா சென்சார் கேள்விகள்

அல்சூரிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, நிகானுக்குள் இருப்பதே சோனி சென்சார்தானாமே? அப்போ எதை வாங்கினாலும் ஒன்றுதானா?

முழுக்க அப்படி இல்லை தம்பி. சென்சார் என்றால் கேமராவுக்குள் வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு. 2012-இல் வந்த நிகான் டி800-இன் 36 மெகாபிக்சல் சென்சார் சோனி தயாரித்ததுதான். கேனான் பெரும்பாலும் சொந்தமாகச் செய்கிறது. ஆனால் ஒரே இடத்தில் செய்த சென்சாராக இருந்தாலும் அதன் மேலுள்ள ஃபில்டர், ஜேபெக் நிறம் எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கடையில் திரையைப் பார்த்து முடிவு செய்யாதே. சென்சார் பதித்ததைக் கேமரா மெருகேற்றாமல் அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலைத் திறந்து பார்.

மல்லேஸ்வரம் வாசகர்: என் கேனான் 5டி மார்க் 3-இல் நிழல் பகுதியை வெளிச்சமாக்கினால் கோடு கோடாகத் தெரிகிறது. லென்ஸ் கோளாறா?

லென்ஸ் மேல் தப்பில்லை சார். அந்தத் தலைமுறை கேனானில் சிக்னலை எண்ணாக மாற்றும் சுற்று சென்சாருக்கு வெளியே இருந்தது. போகிற வழியில் நாய்ஸ், அதாவது புள்ளியும் கோடுமாய்த் தெரியும் இரைச்சல், சேர்ந்துவிடும். சோனி அதைச் சென்சாருக்குள்ளேயே வைத்துவிட்டது. கேனானும் 2016-இல் 80டி, 5டி மார்க் 4 மாடல்களில் அந்த வழிக்கு வந்தது; 2017-இன் 6டி மார்க் 2 மட்டும் பழைய பாணியில் பின்தங்கியது. வெளிச்சத்துக்கான உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 100-இல் இருக்கும்போதுதான் இந்த வித்தியாசம் உறைக்கும். 3200-இல் உங்கள் கேமரா நன்றாகவே தாக்குப்பிடிக்கும்.

சிவாஜி நகர் தங்கை: கரகம் ராத்திரியில்தான் வரும். என்னிடம் இருப்பது ஃபுஜி ஏபிஎஸ்-சி, சின்ன சென்சார் கேமரா. ஃபுல் ஃப்ரேம் வாங்கியே ஆக வேண்டுமா அண்ணா?

வேண்டாம் தங்கை. ஃபுல் ஃப்ரேம் 36×24 மி.மீ., உன்னுடையது சுமார் 23.5×15.6. பரப்பில் ஏறக்குறைய 2.4 மடங்கு, அதாவது ஒரு ஸ்டாப்பைவிடச் சற்றே கூடுதல் (வெளிச்சம் இரட்டிப்பானால் ஒரு ஸ்டாப்). கேமராவோடு வந்த கிட் லென்ஸைக் கழற்றிவிட்டு எஃப்1.4 லென்ஸ் ஒன்று மாட்டினால் (எஃப் எண் குறையக் குறைய வெளிச்சம் அதிகம் நுழையும்), எஃப்2 லென்ஸ் போட்ட ஃபுல் ஃப்ரேமுக்குப் பக்கத்தில் வந்துவிடுவாய். பிராண்டு மாற்றினால் அத்தனை லாபம் கிடைக்காது.

இன்னொன்று. கரகம் புறப்படும் தர்மராயர் கோயில் தெருவில் சீரியல் விளக்கும் எல்இடியும் நிறைய. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுக்கும். சென்சாரை வரி வரியாகப் படிக்கும் எலக்ட்ரானிக் ஷட்டரில் படம் முழுக்கப் பட்டை விழும். மெக்கானிக்கல் ஷட்டர், 1/100 விநாடி வை. கரகத்து மல்லிகையின் வெள்ளை அடையாளமின்றி வெளுத்துப்போகாமல் வெளிச்சத்தை அளவெடு. முகத்தின் நிழலை அப்புறம் ராவில் தூக்கிக்கொள்ளலாம். வெள்ளை ஒருமுறை போனால் எந்தக் கம்பெனி சென்சாரும் திருப்பித் தராது.

மாரத்தஹள்ளி நண்பர்: மெகாபிக்சல் கூடினால் நாய்ஸ் கூடுமா?

100 சதவீதத்தில் பெரிதாக்கிப் பார்த்தால் கூடியதாகத் தெரியும். ஒரே அளவில் பிரிண்ட் போட்டால் பெரிய வித்தியாசம் இல்லை.

ஜெயநகர் வாசகர்: ரங்கனதிட்டு பறவைகளுக்கு சோனி ஏ9 மார்க் 3 வாங்கலாமா?

2023-இல் அறிவித்த அந்த கேமரா வரி வரியாக இல்லாமல் படம் முழுவதையும் ஒரே கணத்தில் பதிக்கிறது, அதனால் வேகமாக அடிக்கும் இறக்கை படத்தில் வளைந்து தெரியாது. ஆனால் அதன் அடிப்படை ஐஎஸ்ஓ 250, நிழல் பகுதியில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது. ஆற்று ஆலா பாய்வதை எடுக்க நிகான் இசட்8-இல் இருப்பது போன்ற, வரிகளை மிக வேகமாகப் படிக்கும் ஸ்டாக்டு சென்சாரே தாராளம். மிச்சப் பணத்தில் நீள லென்ஸ் வாங்குங்கள் சார்.