நண்பர்கள் 'செம' என்கிறார்கள், யூடியூபில் ஓடிவிடுகிறார்கள்: எங்கள் குறும்படத்துக்கு உண்மையான கருத்தை எப்படி வாங்குவது?

கேள்வியின் விவரத்தில் இருப்பது இவ்வளவுதான். கல்லூரியில் யாரோடும் ஒட்டாத ஒரு பையன், அவனுக்கு ஒரு காதல், நகைச்சுவை, 24 நிமிடம், புதுச்சேரியில் எடுத்தது. விடுதி அறையில் போட்டபோது விசில் பறந்தது. யூடியூபில் பாதிப்பேர் மூன்றாவது நிமிடத்தைத் தாண்டவில்லை.

விடுதி விசிலை முதலில் மறந்துவிடுங்கள். படத்தில் வரும் கேன்டீன் அண்ணனைத் தெரிந்தவன், அந்த லெக்சரர் மிமிக்ரியை வகுப்பிலேயே கேட்டவன், உங்களுக்காக வெயிலில் ரிஃப்ளெக்டர் பிடித்தவன் எல்லாரும் ஒரே அறையில் இருந்தால், சிரிப்பில் எவ்வளவு படத்துக்கு, எவ்வளவு உங்களுக்கு என்று பிரிக்கவே முடியாது. "அப்போ ஃப்ரெண்ட்ஸ் சொல்றது எல்லாம் பொய்யா?" என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். பொய் இல்லை. அளப்பதற்கு உதவாது, அவ்வளவுதான்.

படத்தைக் கடலூருக்கு எடுத்துப் போங்கள். ஒரு மணி நேர பஸ் தூரம். தேவனாம்பட்டினத்திலோ மஞ்சக்குப்பத்திலோ படிக்கிற பிள்ளைகளுக்கு உங்கள் கேன்டீன் அண்ணன் யாரென்றே தெரியாது. அவர்கள் சிரித்தால் அது படத்தின் சிரிப்பு. 20 முதல் 25 பேர் போதும். அதில் பாதி பெண்கள் இருந்தே ஆக வேண்டும், காரணம் கீழே வருகிறது. நாற்பது வயது தாண்டியவர்கள் நாலைந்து பேர் இருந்தால் வசனம் காதில் விழுகிறதா என்பது அவர்களிடம்தான் முதலில் தெரியும். நடித்தவர்களின் தங்கை, மாமா, காதலி யாரும் வேண்டாம். புதுச்சேரியின் பிரெஞ்சுப் பண்பாட்டு மையமான அலியான்ஸ் பிரான்சேஸில் நடக்கும் இந்தியத் திரைப்பட விழாவுக்குத் தவறாமல் வருகிறவர்களை வைத்தும் நகைச்சுவையைச் சோதிக்காதீர்கள். அவர்கள் பொறுமைசாலிகள், எதையும் கடைசிவரை பார்த்துவிடுவார்கள்.

இடம் சின்னதாக இருக்கட்டும். நூறு நாற்காலி ஹாலில் இருபது பேர் சிதறி உட்கார்ந்தால் ஒருவரும் வாய்விட்டுச் சிரிக்க மாட்டார்கள், பக்கத்தில் ஆள் இருந்தால்தான் சிரிப்பு தொற்றும். மூன்று வரிசை, இடைவெளி இல்லாமல். ப்ரொஜெக்டரின் சொந்த ஸ்பீக்கரை நம்பாதீர்கள். இரண்டு ஸ்பீக்கரைத் திரைக்கு இருபுறமும், உட்கார்ந்திருப்பவர் காது உயரத்தில் வையுங்கள். ஒலி சரிபார்க்கும்போது எல்லா ஃபேனையும் ஓடவிட்டு, கடைசி வரிசையில் நின்று கேளுங்கள். எங்கள் பக்கத்து மே மாதப் புழுக்கத்தில் ஃபேனை நிறுத்தினால் ஆள் எழுந்து போய்விடுவார், ஓடவிட்டால் மென்மையாகப் பேசிய காதல் வசனம் காற்றோடு போய்விடும். ஜன்னலில் கனமான திரை இல்லை என்றால் மாலை ஆறரைக்கு முன் ஆரம்பிக்காதீர்கள், எட்டுக்கு மேல் இழுக்கவும் செய்யாதீர்கள். விடுதிக் கேட், டவுன் பஸ் என்று பெண்கள்தான் முதலில் கிளம்ப வேண்டிவரும், அவர்கள் கருத்து இல்லாமல் போகும். படத்தை இணையத்திலிருந்து ஓட்டாதீர்கள். எம்பி4 கோப்பாக லேப்டாப்பிலேயே வைத்து, ஸ்லீப் மோடையும் நோட்டிஃபிகேஷனையும் அணைத்து விடுங்கள். பென்டிரைவில் கொண்டுபோவதென்றால் அதை எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்யுங்கள். பழைய ஃபேட்32 முறையில் 4 ஜிபியைத் தாண்டிய கோப்பு ஏறவே ஏறாது, கடைசி நிமிடத்தில்தான் அது தெரியவரும்.

இப்போது முக்கியமான வேலை. திரைக்குக் கீழே, பார்வையாளர் பக்கம் திருப்பி, ஒரு போனை வையுங்கள். ஒலி மட்டும் பதிவானால் போதும். பதிவு செய்வதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மறைத்து வைக்காதீர்கள். படத்தின் சத்தமும் அதில் விழும் என்பதால், பிறகு எடிட்டிங் டைம்லைனில் படத்துக்குக் கீழே அதைப் போட்டு அலைவடிவத்தைப் பொருத்தினால் எந்தச் சிரிப்பு எந்த நொடியில் வந்தது என்று துல்லியமாகத் தெரியும். காட்சிக்கு முன்பே ஒரு தாளில் நீங்கள் சிரிப்பை எதிர்பார்க்கும் இடங்களை நேரத்தோடு எழுதி வையுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண்: சத்தமே இல்லை 0, மூக்கால் சிரிப்பு 1, நாலைந்து பேர் 2, கூட்டமே 3. இன்னொருவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து எத்தனாவது நிமிடத்தில் யார் போன் வெளிச்சம் எரிகிறது என்று மட்டும் குறிக்கட்டும். வாய் மரியாதைக்குப் பேசும், போன் அதெல்லாம் பார்க்காது.

தாளையும் பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூன்று விஷயம் கிளம்பும். எதிர்பார்த்த இடத்தில் பூஜ்யம்: பெரும்பாலும் ஜோக் மோசம் இல்லை, அதற்கு முந்தைய தகவல் காதில் விழவில்லை. எதிர்பாராத இடத்தில் சிரிப்பு: ஏன் என்று தெரியும்வரை அந்த ஷாட்டைத் தொடாதீர்கள். மூன்றாவது, சிரிப்பு அடுத்த வசனத்தை மூழ்கடிப்பது. நொடிக்கு 24 பிரேம் என்றால் 12 முதல் 18 பிரேம் இடம் விட்டால் சரியாகும். அதை வெறும் மௌனமாக விடாதீர்கள். தனியாகப் போனில் பார்ப்பவர் சிரிப்பு இல்லாத அந்த இடைவெளியை வெட்டுத் தவறு என்று நினைப்பார். எதிரில் நிற்பவரின் முகம், தட்டில் வைக்கப்படும் டம்ளர், இப்படி ஏதாவது ஒரு செயலால் அந்த அரை நொடியை நிரப்புங்கள்.

படம் முடிந்ததும் பேசவிடாமல் தாளைக் கொடுங்கள். பேனாவும் நீங்களே 25 கொண்டுபோக வேண்டும், இப்போது யார் சட்டைப்பையிலும் பேனா கிடையாது. கூகுள் ஃபார்ம் லிங்க் அனுப்பினால் பாதிப்பேர் திறக்க மாட்டார்கள், மீதிப்பேர் பஸ்ஸில் கலந்துபேசிவிட்டு ஒரே பதிலை எழுதுவார்கள். பெயர் கேட்காதீர்கள், ஆண் பெண் என்று மட்டும் டிக். நட்சத்திர மதிப்பீடு, "படம் எப்படி இருந்தது" இரண்டும் வேண்டாம். கேள்விகள் ஐந்து: எந்த இடத்தில் போனைப் பார்க்கத் தோன்றியது? அவன் ஏன் மற்றவர்களோடு ஒட்டவில்லை? அவளுக்கு அவனிடம் என்ன பிடித்தது? எந்த வசனம் புரியவில்லை? படம் பார்க்காத ஒருவருக்கு இந்தக் கதையை இரண்டு வரியில் எப்படிச் சொல்வீர்கள்? இயக்குநர் அந்த நேரத்தில் வெளியே போய் டீ குடிக்கட்டும். உள்ளே இருந்தால் "அது என்னன்னா ப்ரோ" என்று விளக்க ஆரம்பிப்பார், அதோடு எல்லாரும் தலையாட்டத் தொடங்கிவிடுவார்கள்.

அடுத்தது, எழுதியதைப் படிப்பது. இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள். பார்வையாளர் சொல்கிற தீர்வை அப்படியே செய்யக்கூடாது, அவர் காட்டுகிற இடத்தை ஒதுக்கவும் கூடாது.

"ஹீரோ மேல பாவமே வரல" என்று நாலு தாளில் இருந்தால் உடனே அவனுக்கு ஒரு அழுகைக் காட்சியும் சோகப் பாட்டும் சேர்ப்பார்கள். தேவை அது இல்லை. அவனுக்கு என்ன வேண்டும் என்று தெரிவதற்கு முன்பே அவனை அவமானப்படுத்தியிருப்பீர்கள். இந்த வகைக் கதைக்கே மூத்தது என்று 1925-இல் வந்த, அமெரிக்க நகைச்சுவை நடிகர் ஹரால்ட் லாய்டின் மௌனப்படம் 'தி ஃப்ரெஷ்மேன்' படத்தைச் சொல்லலாம். சினிமாவில் பார்த்த ஒரு கல்லூரி நாயகனைக் காப்பியடித்து, கைகுலுக்கும் முன் ஒரு சின்ன ஆட்டம் போட்டுக்கொண்டே கல்லூரிக்குள் வருகிற பையன். மொத்தக் கல்லூரியும் அவனை வைத்துக் கேலி செய்கிறது, அவனோ தான் எல்லாருக்கும் செல்லம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். லாய்டு முதலில் எடுக்க ஆரம்பித்தது முடிவில் வரும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தை. சரிவரவில்லை. பையனின் ஆசை முன்னால் நிறுவப்படாமல் அவன் மைதானத்தில் விழுந்து எழுவதில் ஒன்றும் இல்லை. விட்டுவிட்டு, கதையின் வரிசைப்படி முதலிலிருந்து எடுத்தார்கள்.

அதே படத்தில் விருந்துக் காட்சி ஒன்று. தையல்காரர் முழுதாகத் தைக்காமல் நூலோட்டி மட்டும் கொடுத்த கோட்டும் பேன்ட்டும் நடனத்தின் நடுவே ஒவ்வொரு தையலாகப் பிரிந்துகொண்டே வரும். பேன்ட் கழன்று விழுவது அன்றைக்கே அரதப்பழசு என்று லாய்டு அதைத் தவிர்த்திருந்தார். வெளியீட்டுக்கு முந்தைய சோதனைக் காட்சியில் எதிர்பார்த்த அளவு சிரிப்பு எழவில்லை. திரும்ப எடுத்தார்கள், பேன்ட் விழுந்தது. கை பிரிகிறது, பை பிரிகிறது என்று ஏற்றிக்கொண்டே போய்விட்டு உச்சியைக் காட்டாமல் விட்டால் கூட்டம் ஏமாறும். ஏமாந்தோம் என்று தாளில் எழுதத் தெரியாது, சிரிப்பு குறையும். போனை வைத்துப் பதியச் சொன்னது இதற்காகத்தான்.

"செகண்ட் ஹாஃப் லேக்" என்பது இன்னொரு வழக்கமான வரி. 24 நிமிடப் படத்தில் 14-ஆவது நிமிடம் இழுக்கிறது என்றால் அங்கே வெட்டாதீர்கள், 8, 9-ஐப் பாருங்கள். அவளுக்கும் அவனைப் பிடித்திருக்கிறது என்று அங்கேயே ஒரு புன்னகையில் காட்டிக் கொடுத்திருப்பீர்கள். பிறகு பார்ப்பவருக்குக் காத்திருக்க என்ன இருக்கிறது?

"ஹீரோயின் எதுக்கு வர்றாங்கன்னே தெரியல" என்றால் அவன் இல்லாத ஒரு காட்சிகூட அவளுக்குக் கிடையாது என்று பொருள். 40 நொடி போதும், ஆனால் வேண்டும். இதோடு சேர்ந்தது, பெண்களின் தாளைத் தனியாக அடுக்கிப் பார்ப்பது. அவன் அவள் பின்னாலேயே பஸ் ஏறுவது, தோழியிடம் நம்பர் பிடுங்குவது போன்ற இடத்தில் ஆண்கள் சிரித்துப் பெண்கள் பக்கம் சத்தமே இல்லை என்றால் அந்தக் காட்சியை எடுத்துவிடுங்கள். "காலங்காலமா தமிழ் சினிமாவுல இருக்கறதுதானே" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: இருக்கிறது, நானும் ஒழுக்கம் போதிக்க வரவில்லை. ஒட்டாத பையன் என்பவன் பார்ப்பவரின் பரிதாபத்தைச் சம்பாதிக்க வேண்டியவன். அவனைப் பார்த்து அரங்கில் பாதி பயந்தால் மீதி 15 நிமிடத்தில் அதை மீட்க முடியாது, இது கணக்கு.

"பிஜிஎம் சூப்பர்" என்று ஐந்து பேருக்கு மேல் எழுதியிருந்தால் சந்தோஷப்படாமல் ஒலிக்கலவையைத் திறந்து பாருங்கள். வசனத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும்.

புதுச்சேரிக்காரர்களுக்குக் காட்டும்போது மட்டும் ஒரு சிரிப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நாயகன் காந்தி சிலையிலிருந்து கிளம்பி ஒரு தெரு திரும்பினால், பல கிலோமீட்டர் தள்ளிக் கோட்டக்குப்பம் தாண்டிய கடற்கரையில் வந்து நிற்பான். உள்ளூர்க் கூட்டம் அதற்குத்தான் சிரிக்கும். இதைச் சொல்லும்போதே எரிச்சல் வருகிறது. ஊரென்றால் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுப் பகுதியில் உள்ள மஞ்சள் சுவர் மட்டும்தானா? வாய்க்காலுக்கு மேற்கே மனிதர் இல்லையா? வில்லியனூரிலிருந்தோ பாகூரிலிருந்தோ பஸ் ஏறி வருகிற, கையில் காசில்லாத ஒட்டாத பையன், பிரெஞ்சுப் பெயர் போட்ட கஃபேயில் தினமும் எப்படி உட்கார்ந்திருக்கிறான்? அவனுக்குக் காசு யார் கொடுக்கிறார்கள்? கடலூர் நிலைமை இன்னும் மோசம். கேமரா இந்தப் பக்கம் வருவதே புயலுக்குத்தான். 2011 டிசம்பரில் 'தானே' புயல் அடித்தபோது வந்தார்கள், அடுத்த புயலுக்கு மறுபடி வருவார்கள். திருப்பாப்புலியூர் பஸ் நிலையத்தில் ஒரு காதல் காட்சி எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. சரி, இது உங்கள் கேள்வி இல்லை.

திருத்திய பிறகு இரண்டாவது காட்சி போடுங்கள், முற்றிலும் வேறு ஆட்களுக்கு. முதல்முறை பார்த்தவருக்கு ஜோக் தெரிந்துவிட்டது, அவர் இனி அளவுகோல் ஆக மாட்டார்.

யூடியூப் விஷயத்துக்கு வருகிறேன். யூடியூப் ஸ்டுடியோவில் பார்வையாளர் தக்கவைப்பு வரைபடத்தை, அதாவது எந்த நொடியில் எத்தனை பேர் மிச்சம் என்று காட்டும் கோட்டைத் திறந்தால் முதல் 30 நொடியில் செங்குத்தாக இறங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன். இப்படிப் படங்களில் முதலில் வருவது லோகோ, எச்சரிக்கை அட்டை, அம்மா அப்பாவுக்கு நன்றி, கேமரா கொடுத்த அண்ணனுக்கு நன்றி. தலைப்பை 8 நொடிக்குள் முடித்து நன்றியெல்லாம் கடைசிக்குத் தள்ளுங்கள். நடுவில் வரைபடம் மேலெழும் இடத்தைப் பார்த்ததும் அங்கே ஜோக் வேலை செய்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். திரும்ப ஓட்டியோ, முந்தையதைத் தாண்டி வந்தோ அந்த இடத்தைப் பார்த்திருக்கிறார்கள் என்பது மட்டுமே அதற்கு அர்த்தம். பிடித்துப்போயும் இருக்கலாம், வசனம் புரியாமலும் இருக்கலாம். தாளில் இருக்கும் நாலாவது கேள்வியோடு ஒத்துப் பாருங்கள்.

முன்னால் இருக்கும் நன்றி அட்டைகளை ஸ்டுடியோவின் எடிட்டரிலேயே வெட்டிவிடலாம், லிங்கும் பார்வை எண்ணிக்கையும் அப்படியே இருக்கும். வசன இடைவெளி, ஒலிக்கலவை, புதிய காட்சி என்றால் அது முடியாது; புதிதாகத்தான் ஏற்ற வேண்டும். அப்போது பழையதை அழிக்காமல், லிங்க் இருப்பவர் மட்டும் பார்க்கும்படி அன்லிஸ்டடில் போட்டுவையுங்கள், இரண்டு வரைபடத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தேவைப்படும்.