பட்டப்பெயரை வெறுக்கும் பாத்திரம்: வசனத்தைக் குறைத்துப் பாருங்கள்

வணக்கம் நண்பரே. உங்கள் சிறுகதையில் 'நெட்டைக்கொக்கு' என்று கூப்பிட்டாலே மாரிமுத்து பக்கம் பக்கமாகக் கோபித்துப் பேசுகிறான், படித்தால் நாடகம் மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பேச்சை எடுத்துவிடுங்கள்.

'16 வயதினிலே' (1977) சப்பாணியை நினைத்துப் பாருங்கள். ஊரே அப்படிக் கூப்பிட்டபோது பொறுத்துப் போனவன். கோபாலகிருஷ்ணன் என்ற பெயருக்கு மரியாதை உண்டு என்று மயில்தான் சொல்லிக்கொடுக்கிறாள்; இனி சப்பாணி என்றால் அறைந்துவிடு என்கிறாள். அவன் கை ஓங்கும்போது நமக்குச் சிலிர்ப்பதே அத்தனை நாள் பொறுமையைப் பார்த்ததால்தான்.

கனடா எழுத்தாளர் மான்ட்கோமரியின் 1908 நாவலில் ஆன் ஷெர்லிக்குத் தன் சிவப்பு முடியை நினைத்து ஏற்கெனவே தீராத வருத்தம். வகுப்பில் கில்பர்ட் 'கேரட்' என்றதும் சிலேட்டை அவன் தலையில் அடித்து உடைக்கிறாள். அவன் மன்னிப்புக் கேட்கிறான். பிற்பாடு தண்ணீரில் சிக்கியவளைக் காப்பாற்றவும் செய்கிறான். அப்போதும் அவள் இறங்கி வருவதில்லை. பழைய புண்ணில் பட்ட சொல் அது.

மாரிமுத்துவின் புண் எது? வரைவில் அது இல்லை. வகுப்புப் புகைப்படத்தில் அவன் முழங்காலை மடக்கி நிற்கிற ஒரு காட்சி போதும். இன்னொன்று, கதைசொல்லியும் அவனைக் 'கொக்கு' என்றே எழுதுகிறார், அதை மாற்றுங்கள். அம்மா மட்டும் முழுப்பெயர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிடும் இடம் அருமை, தயவுசெய்து அதை வெட்டிவிடாதீர்கள்.