ஐந்து வயதுக் குழந்தைக்கு எடையை ஒப்பிடவும் அளக்கவும் வீட்டுப் பொருள்களைக் கொண்டு எப்படிக் கற்பிப்பது?

கிராம், கிலோ என்னும் சொற்களுக்கு முன்பாகக் குழந்தையின் இரு உள்ளங்கைகளே தராசாக இருக்கட்டும். ஒரு கையில் ஊதிய பலூனையும் மறு கையில் எலுமிச்சம்பழத்தையும் கொடுத்து எது கனம் என்று கேட்டால், பெரியதுதான் கனமானது என்னும் எண்ணம் அங்கேயே ஆட்டம் காணும்.

கைகளால் பிரித்தறிய முடியாதவற்றுக்குத் துணிமாட்டியின் இரு முனைகளிலும் சம நீளக் கயிற்றில் கொட்டாங்கச்சிகளைத் தொங்கவிடுங்கள். வெறுமனே இருக்கும்போதே ஒரு பக்கம் தாழ்ந்தால், மறுபக்கத்தில் சிறிது களிமண்ணை ஒட்டிச் சமன் செய்யலாம். பிறகு ஒரு வெங்காயம் எத்தனை புளியங்கொட்டைக்குச் சமம் என்று எண்ணட்டும். கொட்டைகள் ஒன்றுபோல் இராததால் விடை ஒவ்வொரு முறையும் மாறும்; அதைத் தவறென்று திருத்தாமல், ஒரே வகை நாணயங்களை வைத்து மீண்டும் நிறுக்கச் சொல்லுங்கள். 1 லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 1 கிலோ என்பதைப் பின்னர் சொன்னால் போதும்.