கதவுக்கு எந்தப் பக்கம்?

கேள்வி: தஸ்தயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலை ஒரே வாரத்தில் படித்து முடித்தேன். கொலையைச் செய்துவிட்டு ரஸ்கோல்னிகோவ் வீட்டுக்குள் நிற்க, வெளியே ஆட்கள் வந்து மணியை இழுக்கும் இடத்தில், அவன் எப்படியாவது தப்பிவிட வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. கோழி அறுப்பதைக்கூடப் பார்க்க மாட்டாத நான் ஒரு கொலைகாரனுக்காக வேண்டிக்கொண்டேன் என்பது எனக்கே அருவருப்பாக இருக்கிறது. ஆனாலும் இதுபோல் இன்னொரு நாவல் கிடைக்காதா என்றுதான் மனம் தேடுகிறது. இது மனக்கோளாறா? அடுத்து எதைப் படிக்கலாம்?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: மனக்கோளாறு இல்லை. உங்கள் கடிதத்தில் ஒரு குறை உண்டு; ஆனால் அது நீங்கள் சந்தேகிக்கும் இடத்தில் இல்லை.

அந்தக் கொலைகாரன்மீது உங்களுக்குப் பரிவு வந்தது மணியோசை கேட்ட பிறகுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். சற்றுப் பின்னே போய்ப் பாருங்கள். பழைய சட்டையைக் கிழித்து எடுத்த துணியில் ஒரு வளையம் செய்து, கோடரியைத் தொங்கவிடுவதற்காக மேலங்கியின் உட்புறத்தில் அக்குளுக்குக் கீழே அவன் தைக்கிறான். தன் வீட்டு வாசலிலிருந்து அடகு பிடிக்கும் கிழவியின் வீடுவரை சரியாக 730 அடிகள் என்று முன்பே எண்ணி வைத்திருக்கிறான். அடகுப் பொருள் என்று காட்டுவதற்கு ஒரு மரத்துண்டையும் இரும்புத் தகட்டையும் சேர்த்துக் காகிதத்தில் சுற்றி, அவள் முடிச்சை அவிழ்க்க நேரம் பிடிக்கட்டும் என்று இறுக்கிக் கட்டுகிறான். எல்லாம் ஆன பிறகு, சமையற்கட்டில் கோடரியை எடுக்கப் போனால் அங்கே வேலைக்காரி நஸ்தாஸ்யா நிற்கிறாள்! திட்டம் கெட்டது. அந்த நிமிடத்தில் உங்களுக்கு ஆறுதலாக இருந்ததா, ஏமாற்றமாக இருந்ததா? காவலாளியின் அறையில் வேறொரு கோடரி பளபளப்பதை அவன் கண்டபோது உங்களுக்கும் 'அப்பாடா' என்று இருந்திருந்தால், நீங்கள் கதவுமணிக்கு வெகுமுன்பே அவனுக்குக் கூட்டாளியாகிவிட்டீர்கள். ஒரு வேலையின் நூலிலிருந்து முடிச்சுவரை கூடவே நின்றவருக்கு, அது நல்ல வேலையோ கெட்ட வேலையோ, பாதியில் கெட்டுவிடக் கூடாதே என்ற பதைப்பு வந்துவிடும். இருண்ட குற்றக்கதைகள் நம்மை இழுப்பது பெரும்பாலும் இந்தக் கயிற்றால்தான், ரத்தத்தால் அன்று.

இனி அந்தக் கதவு. அச்சம் எவற்றால் பிறக்கும் என்று தொல்காப்பியர் நான்கே சொற்களில் கணக்கு முடித்துவிட்டார்: 'அணங்கே விலங்கே கள்வர்தம் இறை.' தெய்வம், விலங்கு, கள்வர், அரசன். முதலில் கிழவி கதவைச் சிறு கீற்றளவு திறந்து இருட்டிலிருந்து உற்றுப் பார்க்கும்போது நிலவுவது கள்வருக்கு அஞ்சும் அச்சம். கொலை முடிந்து வெளியே மணி அடிக்கும்போது நிலவுவது அரசனுக்கு, அதாவது சட்டத்துக்கு, அஞ்சும் அச்சம். முன்னது நம்மைப் போன்றவர்களுக்கு உரியது. பின்னது குற்றவாளிக்கு உரியது. வீடும் கதவும் மாறவில்லை. நம்மைத்தான் ஒரு சத்தமும் இல்லாமல் இடம் மாற்றி உட்கார வைத்துவிட்டார் ஆசிரியர். இதை அவர் ஒளிக்கவும் இல்லை. சற்று முன்பு கிழவியும் அவனும் கதவை நடுவில் வைத்துக்கொண்டு எப்படி நின்றார்களோ, அப்படியே இப்போது வந்தவனும் அவனும் எதிரெதிரே நின்றார்கள் என்று அவரே எழுதுகிறார். கொக்கி உட்புறமாக மாட்டியிருப்பதை வெளியே இருப்பவர்கள் கண்டுபிடிக்கிறார்கள். ஒருவன் ஆள் அழைத்துவர இறங்குகிறான். காவலுக்கு நின்ற மற்றவனும் பொறுமை இழந்து இறங்குகிறான். நமக்கு மூச்சு வருகிறது. 'உய்ப்போன் செய்தது காண்போர்க்கு எய்துதல்' மெய்ப்பாடு என்று இளம்பூரணர் தொல்காப்பியத்துக்கு எழுதிய தம் உரையில் ஒரு பழைய இலக்கணத்தை மேற்கோள் காட்டுவார்; அனுபவிப்பவனின் உணர்வு பார்ப்பவரையும் வந்தடைவது என்று பொருள். அப்படி எய்தியதற்காக நீங்கள் அருவருப்புக் கொள்ள வேண்டியதில்லை. எய்தாமல் போயிருந்தால்தான் நாவலிலோ உங்களிடமோ ஏதோ பழுது என்று கொள்ள வேண்டும்.

நான் குறை என்றது வேறு. ஒன்றரைப் பக்கக் கடிதத்தில் (இங்கே சுருக்கித்தான் வெளியிட்டிருக்கிறேன்) ரஸ்கோல்னிகோவின் பெயர் ஏழு முறை வருகிறது. செத்தவள் 'கிழவி' என்று இரண்டு முறை வருகிறாள். அன்று செத்தவர்கள் இரண்டு பேர். கிழவி அல்யோனா இவானோவ்னாவின் தங்கை லிஸாவெதா, கையில் பெரிய மூட்டையோடு எதிர்பாராமல் உள்ளே வந்தவள், உங்கள் கடிதத்தில் இல்லவே இல்லை. கோடரி தன் தலைக்கு மேலே எழும்போது முகத்தை மறைத்துக்கொள்ளக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. இடக்கையைச் சற்றே தூக்கி, கொஞ்சம் தள்ளி நில் என்பதுபோல் முன்னே நீட்டுகிறாள், அவ்வளவுதான். பிறகு நஸ்தாஸ்யா சொல்லித்தான் தெரிகிறது, அவனுடைய சட்டையைக்கூட ஒருமுறை அவள் தைத்துக் கொடுத்திருக்கிறாள் என்று.

அவளை மறந்தது நீங்கள் மட்டும் அல்லர் என்பதுதான் இந்த நாவலின் பொல்லாத நுட்பம். மூன்றாம் பாகத்தில் ரஸ்கோல்னிகோவே திடுக்கிட்டுக் கேட்டுக்கொள்கிறான்: லிஸாவெதாவை நான் ஏன் நினைப்பதே இல்லை, அவளைக் கொல்லாதவன்போல? கிழவியைக் கொன்றதற்கு அவனிடம் கட்டுரை அளவுக்குக் காரணங்கள் இருந்தன. இவளைக் கொன்றதற்கு ஒன்றுமில்லை, ஆகவே மறந்துபோனான். அவனோடு ஓடிய நமக்கும் அதே மறதி. ஆனால் ஆசிரியர் மறக்கவில்லை. பின்னால், அவன் தன் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் பெண்ணான ஸோனியா அவனுக்கு வாசித்துக் காட்டும் வேதாகமம், லிஸாவெதா கொண்டுவந்து கொடுத்தது.

1866-ல் மாதப் பத்திரிகையில் தொடராக வந்த கதை இது. கொலை முதல் பாகத்திலேயே முடிந்துவிடும்; மீதி ஐந்து பாகங்களும் பின்னுரையும் அதன் வட்டியை வசூலிப்பதற்கே. நம் பேருந்து நிலையக் கடைகளில் கிளிப் மாட்டித் தொங்கும் மாத நாவல்களை நான் இளக்காரமாகப் பேசுகிறவன் அல்லன். ரயிலில் பலவற்றைப் படித்து, இறங்க வேண்டிய நிலையத்தைத் தவறவிட்டதும் உண்டு. ஆனால் முதல் பக்கத்தில் ஒரு பெண்ணின் பிணம், கடைசிப் பக்கத்தில் ஒரு கைவிலங்கு என்று முடிகிற கதைகளில், பதைப்பை மட்டும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் பெண் என்ன தைத்தாள், யாருக்குத் தைத்தாள் என்பது நமக்குத் தெரியவே போவதில்லை.

அடுத்து எதைப் படிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இதே நாவலில் முதல் பாகம், ஏழாம் அத்தியாயம். இந்த முறை மணி அடிக்கும்போது, கொக்கியைப் பார்க்காமல் அறைப்பக்கம் திரும்பிப் பாருங்கள். அங்கே இரண்டு பேர் கிடக்கிறார்கள்.