ஒருபக்க பிளேடு ரேஸர்: எதை வாங்கலாம்?

(கும்பகோணத்தில் அப்பா காலத்திலிருந்து சலூன் நடத்திவருபவர், சவரம் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

பல வருடமாக இருபக்க பிளேடு ரேஸரில்தான் சவரம் செய்கிறேன். கன்னம் நன்றாக வருகிறது, கழுத்தில் மட்டும் எரிச்சலும் சிவப்புப் புள்ளிகளும். ஒருபக்கம் மட்டும் கூர் உள்ள தடித்த பிளேடு போடும் ரேஸருக்கு மாறச் சொல்கிறான் அமெரிக்காவில் இருக்கும் மகன். ஜெம், ஃபெதர், இன்ஜெக்டர் என்று பல பெயர் சொல்கிறான். எதை வாங்கிவரச் சொல்லட்டும்?
*வாசகர், ஈரோடு*

ஐயா, உங்கள் மகன் சொல்வதில் விஷயம் இருக்கிறது. ஆனால் எந்த ரேஸர் என்று பார்ப்பதற்கு முன்னால், அதற்குப் போடும் பிளேடு உங்களுக்குத் தொடர்ந்து கிடைக்குமா என்று பாருங்கள். கைப்பிடி ஆயுளுக்கும் வரும். பிளேடு வாரத்துக்கு ஒன்று தீரும்.

நீங்கள் போடும் இருபக்க பிளேடின் தடிமன் 0.1 மில்லிமீட்டர்தான். அதை வளைத்துத் தலைக்குள் இறுக்கினால்தான் அது விறைப்பாக நிற்கும். தாடை ஓரத்திலும் முகவாயிலும் முடி கட்டையாக இருந்தால், அந்த மெல்லிய விளிம்பு லேசாக அதிரும். அதிர்ந்தால் முடியை வெட்டுவதோடு தோலையும் சுரண்டும். ஒருபக்க பிளேடு வகைகள் பெரும்பாலும் 0.23 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை இருக்கும். அதனால் அசையாமல் நிற்கும். தடிமன் என்றதும் மொட்டை என்று நினைத்துவிடாதீர்கள். விளிம்பின் கூர் அதே கூர்தான், அதைப் பின்னால் தாங்கிப் பிடிக்கும் தகடுதான் கனம். சவரக்கத்தியில் தொழில் பழகிய எனக்கு, தடித்த பிளேடு முகத்தில் போகும்போது அந்தக் கத்தியின் நிதானம் தெரிகிறது. அது எனக்குப் பிடிக்கும்.

சரி, வகைகளுக்கு வருகிறேன்.

ஜெம் வகைதான் பழையது. ஜில்லெட்டுக்கு 1904-ல் இருபக்க பிளேடுக்குக் காப்புரிமை கிடைப்பதற்கு முன்பே, 1880-ல் நியூயார்க்கின் காம்ப்ஃபெ சகோதரர்கள் ஒருபக்கக் கத்தி பொருத்திய ரேஸருக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். அந்த வழியில் வந்ததுதான் ஜெம். பிளேடின் முதுகில் மடித்த தகடு ஒன்று இருக்கும். இந்த ரேஸரின் தலையைக் கன்னத்தில் ஏறக்குறைய படுக்கவைத்து இழுக்க வேண்டும். இருபக்க ரேஸர் பிடித்த கை, பழக்கத்தில் கைப்பிடியைத் தாழ்த்திவிடும். அப்படிச் செய்தால் சுரண்டும். சரியாகப் பிடித்தால் முடி அறுபடும் சத்தம் கணீரென்று கேட்கும், அந்தச் சத்தத்தை வைத்தே கோணம் சரியா என்று சொல்லிவிடலாம். அடர்ந்த தாடிக்கு இது அருமையான ரேஸர். பிளேடு இன்றும் அமெரிக்காவில் தயாராகிறது. நம் ஊர்க் கடைகளில் நான் பார்த்ததில்லை.

அடுத்தது ஜப்பானின் ஃபெதர் கம்பெனி, முடிதிருத்துபவர்களுக்காகச் செய்யும் ஆர்ட்டிஸ்ட் கிளப் பிளேடு. வாள் செய்வதில் பெயர்பெற்ற செகி என்ற ஊரிலிருந்து வளர்ந்த கம்பெனி அது. நான் தொட்ட பிளேடுகளில் இதைவிடச் சீரான கூர் வேறு எதிலும் இல்லை. ஒரு டப்பாவில் 20 பிளேடு இருக்கும். ஒவ்வொன்றும் இருபக்க பிளேடைவிட அதிக நாள் வரும். அதிலேயே சூப்பர் என்ற ரகம் வேகமானது, லைட் என்பது மென்மையானது. குறை என்னவென்றால் பிளேடு கொஞ்சம் நீளம். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் நுழைவது கஷ்டம்.

இன்ஜெக்டர், ஜேக்கப் ஷிக் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி 1920-களில் ஆரம்பித்த வேலையிலிருந்து வந்தது. பிளேடுகள் ஒரு சின்ன டப்பாவில் இருக்கும். டப்பாவை ரேஸரின் பக்கவாட்டில் வைத்துத் தள்ளினால் புது பிளேடு உள்ளே போகும், பழையது வெளியே வரும். கை பிளேடில் படவே படாது. விரல் நடுங்கும் வயதானவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது. தலையும் சின்னது, மூக்கடியில் சுலபமாகப் போகும். ஆனால் பிளேடுக்கு வெளிநாட்டைத்தான் நம்ப வேண்டும்.

ஒன்பிளேடு என்று தலை அசைந்து கொடுக்கும் அமெரிக்க ரேஸர் ஒன்றும் உண்டு. மென்மையாக இருக்கும். கொடுக்கும் பணத்துக்கு ஈடு என்று நான் சொல்லமாட்டேன்.

கடைசி வகை, இருபக்க பிளேடை நீளவாக்கில் ஒடித்துப் பாதியைப் போடுவது. எங்கள் சலூன் கத்தியில் தினமும் செய்வது இதைத்தான். வீட்டு உபயோகத்துக்கு ட்விக் என்ற அமெரிக்க ரேஸர் இந்த முறையில் வருகிறது. பிளேடு பெட்டிக்கடையிலேயே கிடைக்கும், ஒன்று வாங்கினால் இரண்டு. விளிம்புக்குப் பக்கத்திலேயே இறுக்கிப் பிடிப்பதால் அதிர்வும் குறைவு. இருந்தாலும் மெல்லிய பிளேடு மெல்லிய பிளேடுதான்.

உங்களுக்கு என் பதில்: மகன் வருடத்துக்கு ஒருமுறையாவது வருவார் என்றால், ஆர்ட்டிஸ்ட் கிளப் பிளேடு போடும் ரேஸரில் மென்மையான ரகமாகப் பார்த்து வாங்கிவரச் சொல்லுங்கள், கூடவே லைட் ரகத்தில் இரண்டு மூன்று டப்பா. வருவது நிச்சயமில்லை என்றால் அரை பிளேடு ரேஸர் போதும். ஜெம் உங்களுக்கு வேண்டாம். கழுத்துக்கு அது அதிக வேகம்.

இன்னொன்றும் செய்யுங்கள். ரேஸர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கழுத்தில் ஒரு நாள் முடி வளரவிட்டு, விரலால் எல்லாத் திசையிலும் தடவிப் பாருங்கள். நிறைய பேருக்குக் கழுத்து முடி கீழ்நோக்கி வளராது. பக்கவாட்டில் போகும், சிலருக்குக் கீழிருந்து மேலே வளரும். வழவழப்பாகத் தடுக்காமல் போகும் திசைதான் முடி வளரும் திசை. இரண்டு வாரம் அந்தத் திசையில் மட்டும் இழுங்கள், எதிர்த்து இழுக்கவே வேண்டாம். அழுத்தவும் வேண்டாம். ரேஸரின் எடையே போதும். பாதிப் புள்ளிகள் இதிலேயே மறையும்.

தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஜெம் என்று எழுதிய பழைய ரேஸர் இருந்தது. தலை கீல் வைத்துத் திறக்கிறது. இதை உபயோகிக்கலாமா? பெயின்ட் சுரண்டும் பிளேடு ஒன்று பார்க்க அதே அளவில் கடையில் இருக்கிறது. அதைப் போடலாமா?
*வாசகர், பினாங்கு*

பெயின்ட் சுரண்டும் பிளேடு கூடவே கூடாது. அளவு ஒன்றுதான், உள்ளே உட்காரும். ஆனால் முகத்துக்கான பிளேடில் கூரை மெருகேற்றி, வழுக்கிப் போவதற்கு டெஃப்லான் போன்ற பூச்சு கொடுத்திருப்பார்கள். சுரண்டும் பிளேடில் அதெல்லாம் இருக்காது. சவரத்துக்கு என்று அச்சிட்ட, பூச்சுள்ள ஸ்டெயின்லெஸ் ஜெம் பிளேடையே வரவழையுங்கள். முதுகுத் தகடு இல்லாமல் வருவதைத் தவிருங்கள். உங்கள் ரேஸரில் பிளேடை முன்னால் தள்ளி நிறுத்துவதே அந்த முதுகுதான்.

ரேஸரைப் பொறுத்தவரை ஒன்றைக் கவனியுங்கள். பிளேடின் இரண்டு முனைகளும் போய் முட்டி நிற்கச் சின்னதாக இரண்டு கொக்கிகள் இருக்கும். ஒன்று உடைந்திருந்தாலும் பிளேடு கோணலாக நிற்கும், ஒருபக்கம் வெட்டிவிடும். அப்படியானால் நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் நன்றாக இருந்தால், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்துப் போடலாம். கைப்பிடி பிளாஸ்டிக் மாதிரி இருந்தால் கொதிநீர் காட்டாதீர்கள், ஸ்பிரிட்டும் அதில் படவேண்டாம். தாத்தா பிடித்த ரேஸரில் பேரன் சவரம் செய்வது எவ்வளவு நல்ல விஷயம்! பத்திரமாக வைத்திருங்கள்.

எங்கள் ஊரில் போர் தண்ணீர்தான். எந்த சோப்பிலும் நுரை வருவதில்லை. ரேஸரை மாற்றினால் சரியாகுமா?
*வாசகர், ராமநாதபுரம்*

ஆகாது தம்பி. உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்த தண்ணீரில் சோப்பு திரிந்துபோகும். நுரை இல்லாமல் எந்த ரேஸரும் எரியத்தான் செய்யும். சவரத்துக்கு வேண்டியது ஒரு டம்ளர் தண்ணீர்தான். குடிக்க வாங்கும் கேன் தண்ணீரையோ, பிடித்துவைத்த மழைநீரையோ அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். முகத்தை இரண்டு மூன்று நிமிடம் நனையவிட்டு, பிரஷ்ஷை முகத்திலேயே வட்டமாகச் சுற்றி நுரை கட்டுங்கள். நனைந்து ஊறிய முடி சுலபமாக அறுபடும், காய்ந்த முடி கம்பி மாதிரி எதிர்க்கும். ரேஸரை மட்டும் குழாய்த் தண்ணீரில் கழுவலாம். கழுவியதும் உதறி, காற்றில் வையுங்கள். உப்புத் தண்ணீர் விளிம்பில் காய்ந்தால் படிவு கட்டும்.

என் மகனுக்கு 18 வயது. முகத்தில் பருக்கள். நான்கைந்து பிளேடு உள்ள ரேஸர் கேட்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா?
*ஒரு தாய், நாகர்கோவில்*

வேண்டாம் அம்மா. பல பிளேடு ரேஸரில் முதல் பிளேடு முடியை இழுத்துக்கொடுக்கும், அடுத்தது தோல் மட்டத்துக்குக் கீழே வெட்டும். வெட்டுப்பட்ட முனை தோலுக்குள்ளேயே மடங்கி வளர்ந்தால் கொப்புளம். சுருட்டை முடிக்காரப் பையன்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். ஒற்றை பிளேடு தோல் மட்டத்தோடு நிற்கும். மென்மையான இருபக்க ரேஸரோ அரை பிளேடு ரேஸரோ வாங்கிக் கொடுங்கள். வாரத்துக்கு இரண்டு தடவை, முடி வளரும் திசையில் ஒரே இழுப்பு போதும். பருவில் சீழ் இருக்கும்போது அந்த இடத்தை விட்டுவிடச் சொல்லுங்கள். சீழ் தொடர்ந்து வந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒரு பிளேடை எத்தனை தடவை உபயோகிக்கலாம்? முடி மெல்லியது, பிளேடு இரும்பு. பிறகு ஏன் மழுங்குகிறது?
*வாசகர், திருவள்ளூர்*

நல்ல கேள்வி. 2020-ல் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் இதைத்தான் நுண்நோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். முடி, பிளேடைவிட ஏறக்குறைய 50 மடங்கு மென்மை. ஆனால் அறுபடும்போது முடி வளைகிறது, சாய்ந்து படுகிறது. அப்போது உருக்கில் எங்கே உள்ளமைப்பு சீராக இல்லையோ அங்கே விளிம்பிலிருந்து துளித்துளியாகப் பெயர்கிறது. மழுங்குவதற்குத் தேய்மானம் மட்டும் காரணமில்லை, இந்தச் சில்லுப் பெயர்ச்சியும்தான். முடியை நன்றாக ஊறவைக்கச் சொல்லி நான் நச்சரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறும். இருபக்க பிளேடு பெரும்பாலானவர்களுக்கு நான்கைந்து சவரம் வரும். தடித்த ஒருபக்க பிளேடு அதைவிடக் கூட வரும். கணக்கு வைக்காதீர்கள். முடியை இழுப்பது போல முதல் தடவை தோன்றினால் அன்றே மாற்றிவிடுங்கள். பழைய பிளேடை அப்படியே குப்பையில் போடவேண்டாம், எடுக்கும் தூய்மைப் பணியாளர்களின் கையைக் கிழிக்கும். மூடியில் கீறல் போட்ட ஒரு தகர டப்பாவில் சேர்த்து, நிறைந்ததும் கீறலை அடைத்து, டேப் ஒட்டி, தனியாகச் சொல்லிக் கொடுங்கள்.

சலூனில் அரை பிளேடு போடுகிறார்கள். அது புதியதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ?
*வாசகர், திருநெல்வேலி*

தயங்காமல் கேளுங்கள். ஒருவருக்குப் போட்ட பிளேடை இன்னொருவருக்குப் போட்டால் ரத்தத்தின் வழியே மஞ்சள்காமாலையின் பி, சி வகைகளும் எச்ஐவியும் பரவ வாய்ப்பு உண்டு. சாணை பிடித்த கத்தியை விட்டு நாங்கள் அரை பிளேடுக்கு வந்ததே இதற்காகத்தான். உறையைப் பிரித்து, உங்கள் கண் முன்னால் ஒடித்துப் போடச் சொல்லுங்கள். தொழிலை மதிக்கும் யாரும் இதற்குக் கோபப்படமாட்டார். படிகாரக் கட்டியையும் கவனியுங்கள். எல்லார் முகத்திலும் ஒரே கட்டியைத் தேய்க்கும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. படிகாரத்தைத் தண்ணீரில் கரைத்துத் தெளிக்கச் சொல்லுங்கள், அல்லது உங்களுக்கென்று ஒரு சின்னக் கட்டியை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.