பேக்கப் இருக்கிறது, ஆனால் திரும்ப எழும்புமா?

வணக்கம். திருகோணமலை உட்துறைமுக வீதியிலுள்ள உங்கள் கடன் சங்கத்தில் பேரிடர் மீட்புத் திட்டம் (கணினி செயலிழந்தால் தரவை மீட்கும் வழி) எழுதி மூன்று வருடம், ஒருமுறையும் சோதிக்கவில்லை, சேர்வரை (கணக்குகள் இருக்கும் மையக் கணினியை) நிறுத்தத் தலைவர் பயப்படுகிறார் என்கிறீர்கள். அவர் பயம் நியாயம்தான். ஆனால் ஓடுகிற சேர்வரைத் தொடவே வேண்டாம்.

ஒரு பழைய கணினியை எடுத்து, வலையமைப்பில் இணைக்காமல், நேற்றைய பேக்கப்பை (தரவின் காப்புப் பிரதியை) அதில் மீட்டுப் பாருங்கள். தொடங்கிய நேரம், முடிந்த நேரம் இரண்டையும் கொப்பியில் குறியுங்கள். ஐந்தாறு அங்கத்தவரின் மீதியை நேற்று அச்சிட்ட அறிக்கையோடு ஒப்பிடுங்கள். 'வெற்றி' என்று பச்சை எழுத்தில் வந்தால் போதாது. நான் முன்பு வேலை செய்த இடத்தில் தினமும் அப்படித்தான் வந்தது. மீட்கப் போனால், பேக்கப்பைத் திறக்கும் கடவுச்சொல் செத்துப்போன அதே சேர்வருக்குள்! இரண்டு நாள் கையால் ரசீது எழுதினோம். கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, உறையிலிட்டு, பெட்டகத்தில் வையுங்கள்.

அப்புறம், பேக்கப் உள்ள டிஸ்க் சேர்வர் இருக்கும் அதே அறை லாச்சிக்குள் இருந்தால் பயனில்லை. 2004 சுனாமியை நாம் பார்த்தவர்கள். ஒரு பிரதி கடலை விட்டு உள்ளே, கந்தளாய்ப் பக்கம் போகட்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்யலாம். திட்டம் முழுவதையும் செய்து பார்க்கும் பெரிய ஒத்திகையை மட்டும் புயல் காலத்துக்கு முன்பே, செப்டம்பருக்குள் முடியுங்கள். புரெவிப் புயல் 2020 டிசம்பர் 2இல் நமக்கு வடக்கேதான் கரையேறியது. ஒத்திகை நாளில் திட்டத்தை எழுதியவர் கை வைக்கக் கூடாது. புதிதாகச் சேர்ந்த ஒருவர் திட்டம் எழுதிய தாளை மட்டும் பார்த்துச் செய்யட்டும். அவர் தடுமாறுகிற வரியை அன்றே திருத்துங்கள்.

பிழைச் செய்தி ஏதும் வந்தால் அப்படியே இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.