சண்டையில் வர்மப் புள்ளித் தாக்குதல் உண்மையிலேயே பலன் தருமா?

விரலால் ஒரு புள்ளியைத் தொட்டே எதிராளியைச் சாய்த்துவிட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது, ஆனால் நரம்பு தோலுக்கு அருகில் எலும்பின்மேல் ஓடும் இடங்களில் விழும் அடிக்குத் தனி வலிமை உண்டு.

முழங்கையை மேசை விளிம்பில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுரீரென்று மின்சாரம் பாய்வதுபோல் இருக்கிறதே, அது அல்நார் நரம்பு எலும்போடு நசுங்குவதால் வருவது. முழங்காலின் வெளிப்பக்கத்துக்குச் சற்றுக் கீழே செல்லும் பெரோனியல் நரம்பும் அப்படித்தான். அங்கே பலமான உதை விழுந்தால் கால் மரத்து, பாதத்தை உயர்த்த முடியாமல் போகலாம். 2021 ஜனவரியில் கலப்புத் தற்காப்புக் கலை (MMA) வீரர் கானர் மெக்கிரெகர் டஸ்டின் பொரியேவிடம் தோற்ற போட்டியில், கெண்டைக்காலில் வாங்கிய உதைகள் அவரைத் தடுமாற வைத்தன. அந்த உதைகளில் வேகமும் உடல் எடையும் இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும்.

பயிற்சியில் துணைவர் அசையாமல் நிற்பதால் கட்டைவிரல் அளவுள்ள இடத்தைத் தேடி அழுத்த முடிகிறது. சண்டையிலோ எதிராளி நகர்கிறார், வியர்வையில் பிடி வழுக்குகிறது, அட்ரினலின் வலியை மழுங்கடிக்கிறது. காதுமடலுக்குக் கீழே தாடை மூட்டின் பின்புறம் அழுத்தினால் ஒருவர் துடிப்பார், இன்னொருவர் பொருட்படுத்தவே மாட்டார். ஆகவே, ஏற்கெனவே பிடியில் சிக்கியவரின் கையைத் தளர்த்தவும், ஒரு கணம் நிலைகுலைக்கவும் உதவும் துணை உத்தியாகவே இதை நான் மதிக்கிறேன்.

கழுத்தின் பக்கவாட்டை மட்டும் விளையாட்டுக்காகக்கூடத் தொடாதீர்கள். அங்குள்ள கழுத்துத் தமனியில் இரத்த அழுத்தத்தை உணரும் பகுதியான கரோட்டிட் சைனஸில் அடிபட்டால் இரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் திடீரெனச் சரிந்து மயக்கம் வரலாம். தமனிச் சுவர் கிழிந்தால் பக்கவாதம்கூட ஏற்படலாம்.